கடற்கரைச் சுற்றுலாவும் கண்ட கடை மாத்திரையும்

வெளிநாட்டுக் கடற்கரைக்குக் கிளம்பும்போது எல்லோரும் கேட்பது சுறாவைப் பற்றித்தான். பெரும்பாலானோர் சுறாவின் வாலைக்கூடப் பார்க்காமல்தான் திரும்பி வருகிறார்கள். நடப்பது வேறு. பவளப்பாறையில் கால் சிராய்க்கும், வாடகை ஸ்கூட்டரின் சைலன்சரில் கெண்டைக்கால் பொசுங்கும், பாறை இடுக்கில் கடல் முள்ளெலியை, அதாவது உடம்பெல்லாம் முள்ளான சிறு கடல் உயிரியை, மிதித்துவிட்டு நொண்டுவோம். எல்லாம் சில்லறைக் காயங்கள். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தக் காயம் இல்லை, காயம் பட்ட ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைத் தெருவில் எதை வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறோம் என்பதுதான். இது என் கட்சி.

சைலன்சர் சூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் பயணிகள் இதை வேடிக்கையாக ‘தாய் டாட்டூ’ என்பார்கள். ஸ்கூட்டர்களில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். ஓட்டிப் பழகாதவர் அரைக்கால் சட்டையோடு அந்தப் பக்கமாகவே இறங்குவார். கெண்டைக்காலின் உள்பக்கம் ஒரு நொடி பட்டால் போதும். முதலில் நாணய அளவுக்குச் சிவந்து பளபளக்கும், அப்புறம் கொப்புளம் கட்டும். அப்போதே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த 20 நிமிடத்துக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பற்பசை தடவுகிறார்கள், ஐஸ் கட்டியை வைத்து அழுத்துகிறார்கள், சாயங்காலமே கடலில் இறங்குகிறார்கள்.

பவளப்பாறைக் கீறல் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். பார்க்கப் பூனை பிராண்டியது போல இருக்கும். உள்ளே பாறைத் துகள் மாட்டியிருக்கும், கிருமியும் இருக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு, வலித்தாலும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரம் சிவந்து பரவினால், சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் அவர்களை ஓரிரு நாளிலேயே சாய்த்துவிடக் கூடியவை. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

திருக்கை கொட்டினாலும் கடல் முள்ளெலி குத்தினாலும் முதல் வைத்தியம் வெந்நீர். பொறுக்கிற சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. நல்ல காலை முதலில் விட்டுப் பாருங்கள், வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் மூட்டுப் பக்கம் போயிருந்தால் நீங்களே நோண்ட வேண்டாம். ஜெல்லி மீனுக்கு இது அப்படியே பொருந்தாது. கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன் உள்ள கடற்கரைகளில் வினிகர்தான் முதலில். தாய்லாந்தில் சில இடங்களில் மணலிலேயே கம்பம் நட்டு வினிகர் புட்டி வைத்திருப்பார்கள். சிறுநீர் விடச் சொல்கிற நண்பர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அது இன்னும் அதிகமாகக் கொட்ட வைக்கலாம்.

சரி, இத்தனையிலும் மாத்திரை எங்கே வந்தது? பெரும்பாலும் வரவே இல்லை. ஆனால் ஆட்கள் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள், போய் ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். ஒரு கடைக்காரர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அது வெயிலில் தோலை எளிதாகக் கருகவைக்கும் மருந்து. அதை விழுங்கிவிட்டுக் கடற்கரையில் குப்புறப் படுத்தால் கால் காயத்தோடு முதுகும் சேர்ந்து வெந்துபோகும். காய்ச்சலும் உடம்பு வலியும் என்றால் ஐபுபுரூஃபென் வாங்குகிறார்கள். வெப்பமண்டலக் கடற்கரைகளில் டெங்கு சாதாரணம். டெங்குவில் ஐபுபுரூஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் மட்டுமே சரி. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் மெட்டமிசோல் என்ற வலி மருந்து சகஜமாகப் புழங்குகிறது. அமெரிக்காவில் 1977லேயே அதை விலக்கிவிட்டார்கள். அரிதாக என்றாலும், ரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடுகிறது என்பதுதான் காரணம். பெட்டியின் மேல் இருக்கும் பிராண்டை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

இது நேர்மையான கடையின் கதை. நேர்மையில்லாத கடையும் இருக்கிறது. மெக்சிகோவின் கடற்கரை ஊர்களில் சில மருந்துக் கடைகள் வாசலிலேயே ஆங்கிலப் பலகை வைத்திருக்கும். வயாகரா, ஆன்டிபயாடிக், கடும் வலி மாத்திரை என்று உணவக மெனு மாதிரி வரிசையாக எழுதியிருக்கும். அந்த ஊர்க்காரர் யாருக்கு அந்தப் பலகை வேண்டும்? இத்தனைக்கும் அங்கே 2010 முதல் ஆன்டிபயாடிக்குக்கே மருந்துச் சீட்டு கட்டாயம். 2023 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்களும், தனியாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட கடைகளில் சில்லறையாக விற்கும் மாத்திரைகளைச் சோதித்தார்கள். ஆக்சிகோடோன் என்ற கடும் வலி மாத்திரை என்று கொடுத்தவற்றில், அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் இருந்தது. கவனக்குறைவுக் கோளாறுக்கான அடரால் என்று கொடுத்தவற்றில் மெத் என்ற போதைப்பொருள் இருந்தது. மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பயணிகளை எச்சரித்தது. ஆகஸ்டில் மெக்சிகோ கடற்படை கான்கூன், பிளாயா டெல் கார்மென், துலும் பகுதிகளில் சோதனை போட்டு 23 மருந்துக் கடைகளை மூடியது. வெள்ளைக் கோட்டும் பச்சைச் சிலுவைப் பலகையும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஃபென்டனில் 2 மில்லிகிராம் போதும், பழக்கமில்லாத உடம்பை முடித்துவிடலாம்.

அதனால் கடற்கரைத் தெருவை விட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நிற்கிற, டயப்பரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் விற்கிற கடைக்குப் போங்கள். மெக்சிகோவில் பல மருந்துக் கடைகளை ஒட்டியே மருத்துவரின் சிறு அறை இருக்கும், கட்டணமும் குறைவு. எங்கே வாங்கினாலும் சீல் பிரிக்காத அட்டையில்தான் வாங்க வேண்டும். டப்பாவிலிருந்து கொட்டி எண்ணிக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

தெருவில் விற்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? வெயில் கண்ணாடிகள் அடுக்கிய தட்டை நீட்டிக்கொண்டே வருவார், ‘வேண்டாம்’ என்றதும் குரலைத் தாழ்த்தி வேறு ஒன்றைச் சொல்வார். காலில் கட்டோடு நொண்டுகிறவரைக் கண்டால் அந்தக் குரலில் வலி மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலப் பலகைக் கடையில் விற்கிற அதே சரக்கு இவர் கையிலும் இருக்கலாம், சுண்ணாம்புத் தூளாகவும் இருக்கலாம். வாங்கியவர் போய்ப் புகார் சொல்ல முடியாது என்பது இருவருக்குமே தெரியும். போதைப்பொருள் சட்டம் ஊருக்கு ஊர் வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திருப்பிக்கொண்டது. இந்தோனேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு, 2015இல் வெளிநாட்டினருக்கே நிறைவேற்றியிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து எடுத்துப் போகிற மாத்திரையும் இதில் தப்பாது. 2017இல் எகிப்தின் செங்கடல் கடற்கரை ஊரான ஹுர்கடாவில் பிரிட்டிஷ் பெண் ஒருவர் அங்கே கடும் கட்டுப்பாடு உள்ள டிராமடால் என்ற வலி மாத்திரைகள் 290ஓடு இறங்கினார். தன் துணைவரின் முதுகுவலிக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். போகிற நாட்டின் தூதரகப் பக்கத்தைப் படித்துவிட்டு, மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். காப்பீட்டுத் தாளையும் ஒருமுறை படியுங்கள். உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டினாலோ போதையில் அடிபட்டாலோ பணம் தர மாட்டோம் என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கூட வந்த யாராவது தெருவில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு மயங்கினால், மூச்சு மெதுவானால், உதடு நீலம் பூத்தால், ‘தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்’ என்று மட்டும் விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஃபென்டனிலுக்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தில் கிடைத்தால் ஆள் எழுந்து உட்காருவார். போலீஸுக்குப் பயந்து எதையும் மறைக்காமல், என்ன விழுங்கினார், எப்போது என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள். மிச்ச மாத்திரை இருந்தால் அதையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.