ரிவிக்கு எதற்கு வைஃபை பாஸ்வேட்?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கடைக்குப் போய் இன்ரநெற் இல்லாத ரிவி கேட்டால் பெரும்பாலும் 32 இஞ்சிக்குள்தான் காட்டுவார்கள். அதற்கு மேலே அநேகமாக எல்லாம் ஸ்மார்ட். சரி, அதையே வாங்குங்கள். ஆனால் வாங்கினால் இன்ரநெற்றில் கொழுவித்தான் ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

சுவரில் பூட்டித்தர வருகிற தம்பி பெட்டியை உடைத்த கையோடு கேட்பது "அம்மா, வைஃபை பாஸ்வேட் என்ன?" அம்மாவும் ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கிறதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் கொடுப்பார். பிறகு பக்கம் பக்கமாக ஆங்கிலம் வரும், தம்பி ஓகே, ஓகே, ஓகே என்று அமத்திக்கொண்டே போவான், அவனுக்கு இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. ஒப்புக்கொண்டது ரிவிக்குச் சொந்தக்காரரும் இல்லை, வாசித்துப் பார்த்த ஆளும் இல்லை.

அந்த ஓகேக்களில் ஒன்று பெரும்பாலும் ஏசிஆர் என்கிற விசயத்துக்கு. திரையில் ஓடுகிற படத்திலிருந்து ரிவி அடிக்கடி சின்னச் சின்ன அடையாளங்களை எடுத்துக் கொம்பனிக்கு அனுப்பும், அங்கே ஒப்பிட்டு நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பார்கள். டிஷ் பெட்டியை எச்டிஎம்ஐ வயரில் கொழுவிப் பார்த்தாலும் பல ரிவிகள் விடாது. அமெரிக்காவில் விசியோ கொம்பனி 1 கோடியே 10 இலட்சம் ரிவிகளில் சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்து, 2017இல் 22 இலட்சம் டொலர் கட்டித்தான் வழக்கை முடித்தது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போனவர்களை வருசக்கணக்காகப் பார்த்த சனம் நாங்கள். இப்போது காசு கொடுத்து ஒன்றை வாங்கி விறாந்தையில் பூட்டுகிறோம்.

டேட்டாவும் சும்மா வருவதில்லை. பிள்ளையின் சூம் வகுப்புக்குப் போட்டதில் ரிவி தன்பாட்டுக்கு அப்டேட்டும் விளம்பரமும் இறக்கும்.

கூகிள் ரிவி என்றால் முதல் செட்டப்பிலேயே 'பேசிக் ரிவி' என்று ஒரு தெரிவு வரும், அதை அமத்துங்கள். மற்றவற்றில் வைஃபை கேட்கும் இடத்தில் 'ஸ்கிப்' இருக்கிறதா என்று காசு கட்ட முதல் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. பழைய டிஷ் பெட்டி வைத்திருப்பவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் கொழுவ இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், புதிய மொடல்கள் பலவற்றில் அதைக் கழற்றிவிட்டார்கள். யூடியூப் வேண்டுமென்றால் லப்டொப்பை எச்டிஎம்ஐயில் கொழுவலாம். ரிவியின் எச்டிஎம்ஐயில் செருகி இன்ரநெற் படம் பார்க்கிற சின்ன ஸ்ரிக் வாங்கினால் அதுவும் வேவு பார்க்கும்தான், ஆனால் பார்த்து முடியப் பிடுங்கி வைக்கலாம்.

ஏற்கனவே ரிவியை இன்ரநெற்றில் கொழுவியவர்கள் செற்றிங்கில் போய், சாம்சுங் என்றால் 'வியூயிங் இன்பர்மேஷன் சேர்விசஸ்', எல்ஜி என்றால் 'லைவ் பிளஸ்', இவற்றை நிற்பாட்டுங்கள். முழுதாக வெட்ட வேண்டுமென்றால் வைஃபை பாஸ்வேட்டை மாற்றிவிட்டு ரிவிக்கு மட்டும் சொல்லாமல் இருங்கள்.

அப்டேட் போடாவிட்டால் ரிவி பழுதாகும் என்று கடையில் வெருட்டுவார்கள். டிஷ்ஷும் பென் டிரைவும் பார்க்கிற ரிவிக்கு ஒன்றும் ஆகாது. ஏதும் கோளாறு வந்து அப்டேட் தேவைப்பட்டால், பல மொடல்களுக்கு அதையும் பென் டிரைவிலேயே போடலாம்.