வின்ட் சிக்னலும் அந்த மாத்திரையும்

அண்ணா, "ஸ்டெம் செல் சிக்னலைத் தூண்டினால் உடம்பு தானாகவே புதுசாகும், பக்க விளைவே கிடையாது" என்று ஒரு மாத்திரையைப் பற்றி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதி தவறு, ஆபத்தும் கூட.

நம் குடலின் உள்படலம் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதிலுள்ள நுண்ணிய குழிகளின் அடியில் ஸ்டெம் செல்கள், அதாவது புதிய செல்களை உருவாக்கும் மூல செல்கள், இருக்கின்றன. அவற்றைப் பெருக வைப்பது 'வின்ட்' என்ற சிக்னல். புதிய செல் மேலே ஏற ஏற சிக்னல் குறையும், பெருகுவதும் நிற்கும். அந்த சிக்னலை அடக்கி வைக்கும் ஏபிசி மரபணு பழுதானால்? சிக்னல் அணையவே அணையாது, குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சிறு கட்டி முளைக்கும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் இந்தப் பழுதைப் பார்க்கலாம்.

நம் சிங்கப்பூரிலேயே ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கிய இடிசி-159 மருந்து 2015இல் மனிதர்களிடம் சோதனைக்கு வந்தது. புற்றுநோய்க்கான அந்த மருந்தின் வேலை இந்த சிக்னலைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. அப்புறம், குறைப்பதும் லேசான காரியமில்லை. எலும்பு வலுவாக இருக்கவும் வின்ட் வேண்டும். அதனால் இந்த வகை மருந்து கொடுக்கும்போது எலும்பு தேய்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வருடம் என் அம்மாவுக்கு ஒரு பாலிப் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார், ஒரு பட்டாணி அளவுதான். அம்மாவைப் போன்றவர்களும் உங்கள் பதிவைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள் அண்ணா.