சுற்றறிக்கை வந்த பிறகு கேட்டு என்ன பயன்?

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க அது தேவை, எந்த நர்ஸும் மறுக்க மாட்டார். ஆனால் நினைவில்லாமல் கிடக்கிற, நல்ல உடல்வாகுள்ள ஒருவரை ஒற்றை ஆளாகத் திருப்ப முடியாது. எதிர்ப்பக்கம் நின்று விரிப்பைப் பிடித்து இழுக்க இன்னொருவர் வேண்டும். மூக்கில் போட்ட டியூபும் யூரின் பையும் இழுபடாமல் பார்க்க வேண்டும். நைட் டியூட்டியில் இருப்பதே ஒரு நர்ஸும் ஓர் உதவியாளரும்தான் என்று வையுங்கள். உதவியாளர் வேறொருவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அந்த இரண்டு மணி நேர விதி என்னவாகும்?

வார்டு இன்சார்ஜாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த விதியை எழுதும் கூட்டத்தில் நர்ஸ்களான எங்களில் ஒருவர் இருந்திருந்தால், "நைட்டில் எத்தனை பேர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். அதைக் கேட்க ஆளில்லாமல் விதி கையெழுத்தாகி, சுற்றறிக்கையாக வார்டுக்கு வந்து சேர்கிறது. அதை நடத்திக் காட்டும் பொறுப்பு மட்டும் எங்கள் தலையில்.

யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று டியூட்டி ரோஸ்டர் போடுகிற நர்ஸுக்குத் தெரிந்தது மேலே யாருக்கும் முழுசாகத் தெரியாது. யார் மகப்பேறு விடுப்பில் போகப் போகிறார், எந்தப் புது நர்ஸைத் தனியாக ஐ.சி.யூ.வில் விடக் கூடாது, ஒரு புது படிவம் வந்தால் ஒரு ஷிஃப்டில் எவ்வளவு நேரம் போகும், அந்த நேரம் எந்த நோயாளியிடமிருந்து பிடுங்கப்படும் என்பதெல்லாம் அவருடைய அன்றாடக் கணக்கு. மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போகிறார்கள், வார்டு இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் கையில்தான் இருக்கிறது.

ஆள் எண்ணிக்கையை நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்குகிறவர்கள் ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடத்தி 2002இல் வெளியிட்டது. அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு நர்ஸ் பார்க்க வேண்டியவர்களில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் எடுத்து 2014இல் வந்த ஆய்விலும் கிட்டத்தட்ட அதே அளவு. கலிபோர்னியா 1999இல் நர்ஸ்-நோயாளி விகிதத்துக்குச் சட்டம் போட்டு 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நர்ஸ்கள் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சாப்பாட்டு இடைவேளையிலும் அந்த விகிதம் குறையக் கூடாது என்பது. ஒரு நர்ஸ் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பது என்ற கவலை வார்டில் நின்றவர்களுக்குத்தான் வரும்.

நர்ஸைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துவது பழைய கதையும்கூட. கிரிமியப் போருக்குப் பிறகு 1857இல் பிரிட்டன் அமைத்த ராணுவ சுகாதார ஆணையத்தில் பெண் என்பதால், அந்தப் போரில் நர்ஸாக இருந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு உறுப்பினர் இடம் இல்லை. புள்ளிவிவரங்களைத் திரட்டி எழுத்து மூலமாகத்தான் சாட்சியம் தந்தார். இன்றும் உலக நர்ஸ்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 நர்சிங் அறிக்கைக்குப் பதில் தந்த 115 நாடுகளில், 82 நாடுகளில் மட்டுமே தேசிய அளவில் நர்சிங் தலைமைப் பதவி இருந்தது. அந்தப் பதவியில் இருப்பவர் பேச்சு எடுபடுகிறதா என்பது அடுத்த கேள்வி. அதோடு, உச்சியில் ஒருவர் இருந்தால் போதாது. வார்டை விட்டுப் பல வருடம் ஆனவரோடு, இன்று ரோஸ்டர் போடுகிறவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

"அவர்களுக்கு நிதியும் சட்டமும் தெரியாதே" என்பார்கள். கையுறையிலிருந்து ஆக்சிஜன் வரை இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு, இருப்பு பார்த்து, தட்டுப்பாட்டிலும் வார்டை ஓட்டுகிறவருக்கு பட்ஜெட் அறிக்கை படிக்கச் சொல்லித்தர எத்தனை நாள் ஆகும்? பயிற்சி கொடுங்கள். பயிற்சி இல்லை என்பதையே காரணம் காட்டி வெளியே நிறுத்தாதீர்கள்.

அழைப்பதாக இருந்தால் வரைவு எழுதத் தொடங்கும்போதே அழையுங்கள், எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்துக்காக வேண்டாம். கூட்டத்துக்கு வரும் நாளில் அவர் வார்டைப் பார்க்க மாற்று ஆள் போடுங்கள், நைட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார வைக்காதீர்கள். ஓட்டுரிமை கொடுங்கள். அவர் சொன்னதை ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதி, அதன் பிரதியை வார்டுக்கும் அனுப்புங்கள்.