நூறுல ஒண்ணு குறையுது

(ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம், வடகடல் (பாக் விரிகுடா) கரை. மே மாதக் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஓலைக் கொட்டகை நிழலில் நாகம்மா கடலில் வளர்ப்பதற்காகக் கடல்பாசியைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் அவர்தான். தம்பி நம்புராஜன், விசைப்படகுத் தொழிலாளி, கையில் ஒரு நோட்டோடு வந்து நிற்கிறான்.)

நம்பு: அக்கா, அந்தக் கயித்தக் கீழ போடு. இன்னையிலருந்து என் வாழ்க்கையே வேற.

நாகம்மா: கயித்தப் போட்டா பாசி காஞ்சிரும். அந்த ஈரச் சாக்கத் தள்ளிட்டு நீயும் உக்காரு. கயித்துக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். கட்டிக்கிட்டே சொல்லு.

நம்பு: நூறு லட்சியம் எழுதிருக்கேன். சாகறதுக்குள்ள முடிக்கணும்.

நாகம்மா: அதென்ன நூறு?

நம்பு: அமெரிக்காவுல ஜான் கோடார்டுன்னு ஒருத்தரு. 1940ல, 15 வயசுல உக்காந்து 127 எழுதுனாராம். நைல் நதியில சின்னப் படகுல போகணும்னு எழுதி, போயிட்டும் வந்துட்டாரு. விசப் பாம்புகிட்ட விசம் கறக்கணும்னு கூட எழுதிருக்காருக்கா.

நாகம்மா: அவரு 15 வயசுல எழுதுனாரு. நீ 15 வயசுல என்ன எழுதுன?

நம்பு: பத்தாவது பரீட்சை.

நாகம்மா: அதயும் ரெண்டு தடவ. அம்மா நம்புநாயகி அம்மனுக்கு நேந்துக்கிட்டு உனக்கு நம்புன்னு பேரு வெச்சுச்சு. நீ என்னடான்னா செல்லுல வர்ற அம்புட்டயும் நம்புற. சரி, வாசி.

நம்பு: ஒண்ணு. வாழ்வில் உயர வேண்டும்.

நாகம்மா: 38 வயசாச்சு. இருக்கிற அஞ்சடி நாலு அங்குலம் குறையாமப் பாத்துக்க. அடுத்தது.

நம்பு: ரெண்டு. சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும்.

நாகம்மா: சரளம்னா எம்புட்டு? இப்பிடி எழுதுனா முடிஞ்சுச்சா முடியலையான்னு உனக்கே தெரியாது. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, வெளியூர்க்காரனுக்கு தனுஷ்கோடிக்கு வழி, வண்டி வாடகை, திரும்புற நேரம் மூணையும் இங்கிலீசுல சொல்லணும்னு எழுது. அதுக்கு இருபது வாக்கியம் போதும். ஒரு நாளைக்கு ரெண்டு, பத்து நாளு.

நம்பு: வர்றவுக முக்காவாசிப் பேரு இந்திக்காரவுகக்கா.

நாகம்மா: அப்ப லட்சியத்தயே மாத்து. டேய், இந்த முடிச்சென்ன இப்பிடி இறுக்கிருக்க? தண்டு வெட்டுப்பட்டு, நாலாம் நாளு அலையில போயிரும். சின்ன விரலு நுழையற அளவுக்கு வளையம் விடு. அதுக்கு மேல லூசா விட்டாலும் வழுகிரும்.

நம்பு: சரிக்கா. மூணு, சிங்கப்பூர் செல்ல வேண்டும்.

நாகம்மா: இது உருப்படி. பக்கத்துல நாலு கட்டம் போடு. எம்புட்டுக் காசு, எந்த மாசம், யாரக் கேக்கணும், மொத வேல என்ன.

நம்பு: மொத வேல, ஏர்போர்ட் போறது.

நாகம்மா: மொத வேல, உன் பேரச் சரி பண்றது. ஆதார்ல என்ன பேரு?

நம்பு: நம்புராஜன் எம்.

நாகம்மா: பள்ளிக்கூட டிசியில?

நம்பு: எம். நம்புராஜன்.

நாகம்மா: ரேஷன் கார்டுல?

நம்பு: நம்பு.

நாகம்மா: மூணு பேரு சிங்கப்பூர் போறீகளாக்கும். பாஸ்போர்ட்டுல இனிஷியல் செல்லாது. எம்னா முனியாண்டின்னு அப்பா பேர முழுசா எழுதணும். உன் பேரு ஒரு கட்டத்துல, அப்பா பேரு குடும்பப் பேரு கட்டத்துல. எல்லாக் காகிதத்துலயும் பேரும் பொறந்த தேதியும் ஒண்ணா இருக்கணும். இதப் பாக்காம மொதல்லயே பணத்தக் கட்டிப்புட்டு, பேரு ஒத்துவரலன்னு திரும்பி வர்றவுகதான் நம்மூர்ல பாதிப்பேரு. ஆதாரச் சரி பண்ணு, அப்பறம் விண்ணப்பம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபா. பத்து வருசம் செல்லும்.

நம்பு: காசு எழுதிட்டேன். மாசம்?

நாகம்மா: இதே மாசம். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவாக. வர்ற அன்னைக்கு நீ கடல்ல கிடந்தா "ஆளு இல்ல"ன்னு எழுதிட்டுப் போயிருவாக. ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், நீ வீட்டுலதான கிடக்க? நாளைக்கே ஆதாருக்குப் போ. மொத வேலைன்னா ஒரே நாள்ல முடியணும், கையால காலால செய்யறதா இருக்கணும். "விசாரிக்க வேண்டும்"னு எழுதுனீன்னா ஆயுசுக்கும் விசாரிச்சுக்கிட்டேதான் இருப்ப.

நம்பு: நாலு. பாக் நீரிணையை நீந்திக் கடக்க வேண்டும்.

நாகம்மா: (கையை நிறுத்தி) எது?

நம்பு: மிகிர் சென் 1966ல கடந்தாருக்கா. குற்றாலீஸ்வரன் 1994ல, 12 வயசுல.

நாகம்மா: அந்தப் புள்ள பழகிட்டு எறங்குச்சு. தலைமன்னார்லருந்து தனுஷ்கோடிக்கு 30 கிலோமீட்டர் வரும். ரெண்டு நாட்டுலயும் அனுமதி வாங்கணும், கூடவே படகு வரணும். நீ நேராப் போனாலும் நீவாடு, அதான் கடல் நீரோட்டம், உன்னக் கோணலா இழுத்துட்டுப் போகும், அப்ப முப்பது முப்பதா நிக்காது. சொறிமீன் உரசுச்சுன்னா ஒடம்பெல்லாம் தீயா எரியும். நீ கடைசியா எப்ப நீந்துன?

நம்பு: போன வருசம். செல்லு தண்ணியில விழுந்துருச்சு.

நாகம்மா: செல்லு?

நம்பு: அது மொதல்லயே கரை சேந்துருச்சு.

நாகம்மா: மொத வேல, கரைய ஒட்டி, நெஞ்சுத் தண்ணியில, 500 மீட்டர். கடலுக்குள்ள பாத்து நீந்தாத, கரைக்கு இணையாப் போ. பக்கத்துல ஒரு வல்லம் வரட்டும். தென்மேற்குக் கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு, அதனால வடகடல்ல போடு, மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல் கொதிக்கும். அத நிக்காமப் பண்ணிட்டு வா, அப்பறமா தலைமன்னாரப் பாப்போம்.

நம்பு: அஞ்சுலருந்து இருபத்தி நாலு வரைக்கும்... புல்லட், பெரிய டிவி, ஏசி, கைக்கடிகாரம்...

நாகம்மா: இருபதும் வாங்குற சாமானா? அது மளிகை லிஸ்டு. தனித்தாள்ல எழுதி உன் பொண்டாட்டிகிட்ட குடு, அதுவே அடிச்சுத் தந்துரும்.

நம்பு: இருபத்தஞ்சு. பைக் ஓட்ட உரிமம் பெற வேண்டும்.

நாகம்மா: இருபது வருசமா எப்பிடிடா ஓட்டுன?

நம்பு: நம்பிக்கையிலதான்.

நாகம்மா: எல்எல்ஆர் போடு. போட்ட 30 நாளு கழிச்சுத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், ஆறு மாசத்துக்குள்ள போயிரணும். எட்டு போடச் சொல்லுவாக. கால ஊனுனா அம்புட்டுதான். வேகமாப் போறவனுக்கு எட்டு விழாது, மெதுவா ஓட்டிப் பழகு.

நம்பு: இருபத்தாறு. பழைய பாம்பன் தூக்குப் பாலத்தை ஒருமுறை என் கையால் திறக்க வேண்டும். சின்ன வயசுல, ஆளுங்க ரெண்டு பக்கமும் நின்னு கம்பியத் தள்ளிச் சுத்துறத வாயப் பொளந்து பாத்துருக்கேன்க்கா.

நாகம்மா: 1914ல கட்டுன பாலம், உனக்காக நூத்திப்பத்து வருசம் காத்துக் கிடந்துச்சு. இப்ப புதுப் பாலம் வந்தாச்சு, 2025 ஏப்ரல்ல தொறந்துட்டாக. அது மோட்டார்ல நேரா மேல போகுது. இத அடி. ஆனா கிழிச்சுப் போடாத, அடிச்ச கோடு கண்ணுல படணும். தேதி முடியற லட்சியம் இன்னும் எதெல்லாம் இருக்குன்னு பாரு. முட்டி நல்லா இருக்கையில பண்றது, அம்மா இருக்கையில பண்றது, அதுகளுக்கெல்லாம் பக்கத்துல ஒரு புள்ளி வை.

நம்பு: அம்மாவ இருபத்தி ரெண்டு தீர்த்தத்துல ஆட வைக்கணும்னு எழுபதுல இருக்கு.

நாகம்மா: அத மூணாவதுக்குக் கொண்டா. கோயிலு இங்ஙனக்குள்ள இருக்கு, காசியிலருந்து வர்றவுக ஆடிட்டுப் போறாக, நம்மதான் "அப்பறம், அப்பறம்". அமாவாச, சனி, ஞாயிறு வேண்டாம். விடியக்காலையில அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு உள்ள போகணும். தரை பூராம் ஈரம், வழுக்கும், அம்மா கைய நீ பிடிச்சுக்க. கடைசியில கோடி தீர்த்தம். ஈரத் துணியோட சாமிகிட்ட விட மாட்டாக, அதனால மாத்துச் சேல பையில இருக்கணும். அந்தப் பைய யாரு பிடிக்கிறது? அதுக்கு ஒரு ஆளு. இந்த ஆள எழுதாமத்தான் எல்லாரும் பாதியில முழிக்கிறது.

நம்பு: முப்பத்தொண்ணு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் கால் பதிக்க வேண்டும்.

நாகம்மா: அதுல ரெண்டு ஏற்கெனவே கடலுக்குள்ள முங்கிருச்சு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி.

நம்பு: அப்ப பத்தொம்பது.

நாகம்மா: 1986லருந்து தேசியப் பூங்காடா அது. அனுமதி இல்லாம கால் பதிச்சா, உன் காலடிய வனத்துறை கேஸு கட்டுல பதிச்சு வெச்சுக்கிருவாக. யாரக் கேக்கணும்னு ஒரு கட்டம் போடச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான். ஆசையிருந்தா காரங்காட்டுக்குப் போ, வனத்துறையே படகு வெச்சு அலையாத்திக் காட்டச் சுத்திக் காட்டுறாக. அத எழுது.

நம்பு: முப்பத்தி ரெண்டு. தென்சிலுவை நட்சத்திரங்களைக் காண ஆஸ்திரேலியா செல்ல வேண்டும்.

நாகம்மா: இதுக்கு எதுக்கு ஆஸ்திரேலியா? இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு தெக்குக் கரைக்குப் போ. விளக்கில்லாத எடமா நில்லு. கைய நீட்டி, முஷ்டிய மடக்கி, கடல்கோட்டு மேல வை. அதுக்கு மேல இன்னொரு முஷ்டி. அந்த ரெண்டு முஷ்டி ஒசரத்துல நேர் தெக்க நாலு வெள்ளி சிலுவையா, நெட்டுக்கா நிக்கும். எடது பக்கம் ரெண்டு வெள்ளி பளிச்சுன்னு வரிசையா இருக்கும், அதுதான் அடையாளம். திரிசங்குன்னு சொல்லுவாக. ஆடி முடிஞ்சா இருட்டுறதுக்குள்ள எறங்கிரும்.

நம்பு: (யோசித்து) வலை விட்டுட்டு உக்காந்திருக்கையில தெக்க நிக்குமே, நாலு வெள்ளி?

நாகம்மா: அதேதான்.

நம்பு: அடப் பாவமே! அத நான் இருபது வருசமாப் பாக்கிறேன்க்கா!

நாகம்மா: டிக் போடு. ஆஸ்திரேலியா டிக்கெட்டு மிச்சம்.

நம்பு: (உற்சாகமாக டிக் போட்டு) இன்னைக்கே ஒண்ணு முடிஞ்சிருச்சு! அப்ப மிச்சத்தயும் மொத்தமா இந்த மாசமே ஆரம்பிச்சிரட்டா?

நாகம்மா: ஒரு பாசித் தெப்பத்துக்கு இருபது கயிறு. இருபதயும் மடியில போட்டுக் கட்டுனா சிக்குதான் விழும். கையில எப்பவும் மூணு போதும், ஒண்ணு முடிஞ்சா ஒண்ண எடு. மூணுல ஒண்ணு காசு செலவில்லாததா இருக்கணும், தடைக்காலத்துலயும் ஓடும். இப்பத்திக்கு உன் மூணு என்ன?

நம்பு: ஆதார் பேரு, அம்மாவுக்குத் தீர்த்தம், 500 மீட்டர் நீச்சல்.

நாகம்மா: அம்புட்டுதான். மாசம் பொறந்தா ஒருநாளு நோட்ட எடுத்து வந்து காட்டு. ஒரே லட்சியம் மூணு மாசமா நகரலன்னா, மொத வேலைய நீ பெருசா எழுதிருக்கன்னு அர்த்தம், அத ரெண்டா ஒடை. மிச்சத்த வேகமா வாசி, வெயிலு ஏறுது.

நம்பு: அம்பத்தாறு, நாதஸ்வரம்...

நாகம்மா: அக்கம் பக்கத்தையும் கேட்டுக்க.

நம்பு: அறுபத்தி மூணு, பத்துக் கிலோ எடை குறையணும்.

நாகம்மா: ராத்திரி ரெண்டாவது தட்டு சோத்த நிறுத்து. அடுத்தது.

நம்பு: எண்பத்தஞ்சு, சொந்த வீடு. எண்பத்தாறு, முண்டு மிளகாய்த் தோட்டம். எண்பத்தி எட்டு, நிலவில் கால் வைக்க வேண்டும்.

நாகம்மா: அந்த அமெரிக்காக்காரரும் நிலாவ எழுதிருப்பாரே?

நம்பு: எழுதுனாருக்கா! அது அவருக்கு அமையல. நான்...

நாகம்மா: இரு. எண்பத்தாறுக்கு அப்பறம் எண்பத்தி எட்டா?

நம்பு: ஆங்... வேகமா வாசிக்கச் சொன்னியா, அதான்.

நாகம்மா: குழுவுல பன்னெண்டு பேரு கணக்கப் பாக்கிறவ நான். ஒத்த ரூபா குறைஞ்சாலும் கண்ணு அங்கதான் போய் நிக்கும். நோட்டக் குடு.

(நோட்டைப் பிடுங்கிப் பார்க்கிறார்.)

நாகம்மா: (படிக்கிறார்) "எண்பத்தி ஏழு. அக்காவிடம் வாங்கிய 4,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்."

நம்பு: பாத்தியா, மறக்கல.

நாகம்மா: நிலாவுக்கு ஒரு நம்பர் முன்னாடி வெச்சிருக்க. அம்புட்டு மரியாத. சரி, கட்டம் போடு. எம்புட்டுக் காசு?

நம்பு: 4,000.

நாகம்மா: யாரக் கேக்கணும்?

நம்பு: யாரயும் இல்ல.

நாகம்மா: எந்த மாசம்?

நம்பு: தடைக்காலம்க்கா. சீசன் பாத்துத்தான் எறங்கணும்னு நீதான சொன்ன.

நாகம்மா: தடைக்கால நிவாரணம் 8,000 ரூபா வந்துச்சுல்ல?

நம்பு: வந்துச்சு. வந்த வேகத்துலயே...

நாகம்மா: மொத வேல என்ன?

நம்பு: (குரலைத் தாழ்த்தி) அக்கா, கோவிச்சுக்காத. இது நடக்கிறது என் கையில மட்டுமா இருக்கு? நீ "வேண்டாம்"னு ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா இப்பவே டிக் போட்டுருவேன். அடுத்தவுக முடிவு பண்ற லட்சியம்னு இதத் தனிப் பக்கத்துல எழுதிரலாமே.

நாகம்மா: எழுதிரலாம்.

நம்பு: நெசமாவா?

நாகம்மா: தனிப் பக்கத்துலதான் எழுதப் போறேன். அந்தப் பேனாவக் குடு.

நம்பு: எந்த நோட்டுலக்கா?

நாகம்மா: குழு நோட்டுல. வட்டிப் பக்கத்துல.

(நம்பு ஈரச் சாக்கை விலக்கி, அடுத்த கயிற்றை இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறான்.)

நம்பு: இந்தக் கயித்துக்கும் இருபது முடிச்சுதானக்கா?