வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தொப்பூர் இறக்கத்தில் என்ன செய்யும்?

தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையின் தொப்பூர் கணவாயில் லாரி தறிகெட்டு ஓடினால் உடனே வரும் தீர்ப்பு, "டிரைவர் நியூட்ரல்ல விட்டுட்டான், அபராதத்தை ஏத்துங்க". ஏற்றியாயிற்று. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதிக பாரத்துக்கான அபராதம் 2,000 ரூபாயாக இருந்ததை 20,000 ஆக்கியது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 தனி. கணவாயில் இருக்கும் இரட்டைப் பாலத்தருகே நிலைமை மாறவில்லை.

நம் விதிகள் பெரும்பாலும் சமதளத்தை நினைத்து எழுதப்பட்டவை என்பது என் கருத்து. இறக்கத்தில் வரும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்றது 1989 சாலை விதி. நாலுவழிச் சாலையில் ஏற்றமும் இறக்கமும் தனித்தனிப் பாதை. அங்கே அதற்கு வேலையே இல்லை. 2015 அக்டோபருக்குப் பின் தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமானது. அது எஞ்சினுக்குப் போகும் டீசலைத்தான் குறைக்கும், பிரேக் போடாது. இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது டீசலா? அதன் எடை!

ஏற்றலாம் என்ற அந்த எடையின் வரம்பையும் 2018-ல் அரசே கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆனது, இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆனது. கணவாயின் சரிவு அப்படியேதான் இருக்கிறது.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் எரியும் வெப்பத்துக்குச் சமம். கியரில் இருந்தால் எஞ்சினும், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பங்கு வாங்கும். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டும் பயனில்லை, மொத்தமும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில்தான். டிரம் சூடேறி விரியும், அதை உரசி நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழக்கும். பயத்தில் பெடலை மிதித்து மிதித்து விட்டால் பிரேக்கை இயக்கும் ஏர் இறங்கும். ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும் கம்ப்ரசரால் அதே வேகத்தில் நிரப்ப முடியாது. இத்தனைக்கும், இன்றைய எஞ்சின்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிகிறது. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்த முதலாளிகள் இதைக் கவனிக்கட்டும்.

செய்ய வேண்டியது: இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வேகமெடுத்தபின் பாரத்தோடு கீழ்க் கியர் விழாது, நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும். பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வரக்கூடாது. அழுத்தமாக மிதித்து எட்டுப் பத்து கி.மீ. வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும், டிரம் ஆறட்டும். புகை வாடை வந்தால் ஓரங்கட்டி சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று டாப் கியரிலேயே வருபவரை யார் நிறுத்துவது? முன்பு கணவாய்க்கு முன்னால் வரும் பாளையம் சுங்கச்சாவடியில் காசு கொடுக்கவாவது நின்றார்கள். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் அதுவும் இல்லை. சேலம் பக்கம் போகும் பார வண்டிகள் அங்கே தனி வரிசையில் நின்று, ஏர் அளவைக் காட்டி, கீழ்க் கியரில்தான் கிளம்ப வேண்டும் என்று விதி வேண்டும். பிரேக் போன வண்டி ஏறி நிற்க, ஜல்லி நிரப்பிய மேட்டுப்பாதையும் வேண்டும்.

2019 சட்டத்திலேயே 198ஏ பிரிவு இருக்கிறது: சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிர் போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓட்டுநருக்கு ரசீது எழுதும் வேகத்தில் அந்தப் பிரிவையும் ஒருமுறை கையில் எடுங்களேன்.