ஃபோர்க்குக்கு முப்பதாயிரம், டயருக்கு ஐந்நூறு

எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள், ஓட்டும் நண்பர்கள் நாலு பேர் டீக்கடை வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் பேச்சு எந்த வழியாகப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சி வாங்கும் கவை: அது 100 மி.மீ. அமுங்கினால் போதுமா, 120 வேண்டுமா. அடுத்தது கியர்: பின்னால் 10 போதுமா, 12 வேண்டுமா. அப்புறம் 29 இஞ்ச் சக்கரமா, 27.5 இஞ்சா. எல்லாம் முடிந்து காசு கொடுக்க எழும்போது யாராவது ஒருவர், "டயர் தேஞ்சிருச்சுங்ணா, சல்லிசா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்பார்.

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. கையில் இருக்கும் காசு முதலில் டயருக்குப் போகவேண்டும், அடுத்து பிரேக்குக்கு. மிச்சம் மீதி இருந்தால் மற்றதைப் பேசலாம்.

நம் ஊர்க் கடைகளில் பதினைந்து, இருபதாயிரத்துக்கு நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். வாங்க வருபவர் கேட்பது இரண்டே கேள்வி: "டிஸ்க் இருக்கா? கியர் எத்தனை?" டயர் என்ன ரப்பர் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள். அது வியாபாரம், குறை சொல்ல முடியாது. ஆகவே பார்க்க முரட்டுப் பட்டன் டயர் போல இருந்தாலும், தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும் ஒரு டயரோடு வண்டி வீட்டுக்கு வருகிறது. அது பத்து வருஷம் தேயாது. தேயாத ரப்பர் கல்லைப் பிடிக்காது என்பதுதான் பிரச்சினை.

டயரில் முதலில் பேசவேண்டியது காசே செலவில்லாத விஷயம்: காற்று. டயரின் பக்கவாட்டில் "மேக்சிமம் 65 பி.எஸ்.ஐ." என்று அச்சிட்டிருக்கும் (பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்த அளவு). அது தாண்டக்கூடாத வரம்பு. அவ்வளவு அடித்தே ஆகவேண்டும் என்ற உத்தரவு அல்ல. பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஹோஸைச் சொருகி, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குங்க, போலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் போகும் வண்டிக்கு அதுதான் சரி. சரளைக்கல் இறக்கத்துக்கு அது ஆகாது. விறைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் ஏறிக் குதிக்கும். வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கும். தரையில் இல்லாத டயரால் திரும்பவும் முடியாது, பிரேக் பிடித்தாலும் பயனில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்று வையுங்கள். 25 பி.எஸ்.ஐ. காற்றில் இரண்டு டயரும் சேர்ந்து தரையில் பதியும் பரப்பு தோராயமாக 54 சதுர சென்டிமீட்டர். அதாவது இரண்டும் சேர்ந்தே ஓர் உள்ளங்கைக்குள் அடக்கம். 50 பி.எஸ்.ஐ. அடித்தால் அதிலும் பாதிதான். பிடிமானம் முழுக்கப் பரப்பை மட்டும் பொறுத்ததல்ல, தெரியும். ஆனால் பட்டன்கள் கல்லைச் சுற்றி மடங்கி உட்கார வேண்டும் என்றால் டயருக்குள் அந்த இளக்கம் இருந்தாக வேண்டும்.

எழுபது கிலோ ஆளுக்கு 2.4 இஞ்ச் அகல டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். உள்ளே டியூப் போட்ட 2.2 டயர் என்றால் 28-இலிருந்து 32 வரை. அதற்கும் கீழே இறக்கினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி பஞ்சர் என்பது அதைத்தான். இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தாழ்ந்த அழுத்தத்தை ஒழுங்காகக் காட்டும் ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டாகக் குறைத்து அதே இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். "வண்டி ரொம்ப அடிக்குது, ஃபோர்க் மாத்தணும்" என்று என்னிடம் வந்த பாதிப் பேருக்கு இதிலேயே வியாதி தீர்ந்தது.

சரி, டயர் வாங்கத்தான் போகிறோம் என்றால் எது? இங்கேதான் யூடியூப் நம்மைக் கெடுக்கிறது. கனடாவில் விஸ்லர் பைக் பார்க்கில் லிஃப்ட் ஏறி மேலே போய், ஈரமான வேரிலும் பாறையிலும் இறங்குகிறவன் மேக்சிஸ் கம்பெனியின் அசகாய் டயரைப் போடுகிறான். தென்னாப்பிரிக்காவின் டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னாரோடு சேர்ந்து உருவாக்கிய டயர் அது. பிடிமானத்தில் அதைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் நம்மவர் கோவையிலிருந்து ஆனைகட்டி வரைக்கும் தார் ரோட்டில் மிதித்துப் போய், அங்கே கொஞ்சம் மண்பாதையில் ஓட்டிவிட்டு, மறுபடி தார் ரோட்டில் திரும்பி வருகிறார். அவர் இருப்பதிலேயே இளக்கமான ரப்பரில் அசகாய் போட்டால், தார் அதை அழிரப்பர் போலத் தேய்த்துத் தின்றுவிடும். போகும்போதே கால் கழன்றுவிடும். நமக்கு நடுவில் பட்டன் தாழ்வாகவும் நெருக்கமாகவும், ஓரத்தில் திருப்பத்துக்குக் கொஞ்சம் தடிமனாகவும் உள்ள டயர்தான் பொருந்தும். மேக்சிஸில் ரெக்கான், அதைவிட வேகம் வேண்டுமென்றால் ஐகான் போன்றவை. ரப்பரும் நடுத்தரமாக இருந்தால் போதும்.

இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் இடுப்பை ஆட்டிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கக்கூட நேரமிருக்காது, மண்ணில்தான் கிடப்போம். அதனால் நல்ல பிடிமானமுள்ள, அகலமான டயர் முன்னால். சுலபமாக உருளுவது பின்னால். ஒரே ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போடுங்கள். பின்னால்தான் சீக்கிரம் தேய்கிறது என்று எல்லோரும் புது டயரைப் பின்னால் போடுகிறார்கள், எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

டியூப்லெஸ் பற்றி இரண்டு கட்சி உண்டு. நம் ஊரில் சீமைக்கருவேலம் இருக்கிறவரை நான் டியூப்லெஸ் பக்கம்தான். விறகுக்கு வெட்டி இழுத்துப் போன வழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், டியூப் போட்டவர் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே இருப்பார். டியூப்லெஸ்ஸில் முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே இருக்கும் வெள்ளைச் சீலன்ட் குமிழ் விட்டு அடைத்துக்கொள்ளும். எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: நம் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் வறண்டுவிடும், ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், டயரை முதல்முறை ரிம்மில் உட்கார வைப்பதற்குள் சட்டையெல்லாம் பாலாகிவிடும். மாதம் ஒருமுறை மட்டும் வண்டியை எடுப்பவர்கள் டியூப்போடு நிம்மதியாக இருக்கலாம்.

29-ஆ 27.5-ஆ என்ற சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. உங்கள் உயரத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்துகிறதோ அதில் எந்தச் சக்கரம் வருகிறதோ அது.

பிரேக்குக்கு வருவோம். இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே பிரேக்தான் தலைவலி. கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டியில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி கூட்டாளிகள் பழைய ஷ்வின் கம்பெனி பலூன் டயர் வண்டிகளை மலைமேல் கொண்டுபோய் இறக்கத்தில் விட்டார்கள். 1976 அக்டோபரில் முதல் போட்டி. 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மண்பாதையில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர். மேட்டுப்பாளையம் 300-க்குக் கொஞ்சம் மேல். இறங்குவது 1,450 மீட்டருக்கும் மேல். அதே 95 கிலோவுக்கு இது ஏறக்குறைய 13.5 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு! காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க டிஸ்க் பிரேக்கின் இரண்டு மெல்லிய வட்டத் தகட்டின், அதாவது ரோட்டரின், தலையில். காருக்கும் லாரிக்கும் மலையில் இரண்டாவது கியரில் இறங்கு என்கிறார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு எஞ்சினும் இல்லை, கியரும் இந்த விஷயத்தில் உதவாது. பயந்துகொண்டு வழி முழுக்க லீவரை லேசாக அமுக்கியே மெதுவாக இறங்குகிறவர்களுக்குத்தான் பிரேக் அதிகம் காயும். வேகம் இல்லாததால் காற்று எதையும் வாங்கிக்கொள்ளாது, ரோட்டரை உரசிப் பிடிக்கும் பேடுக்கு ஆற நேரமும் கிடைக்காது. கொண்டை ஊசிக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் கையை விடவேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சின்ன வயதில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் எடையெல்லாம் முன்னால்தான் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. உடம்பைப் பின்னால் தள்ளி, ஒரு விரலால் படிப்படியாகப் பிடித்தால் யாரும் விழமாட்டார்கள்.

இப்போது சண்டை வரும் இடம். மலிவு வண்டியில் வரும், கேபிளால் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கைவிட ஒழுங்காகச் செட் செய்த வி-பிரேக் மேல். அந்த டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் நகரும்; அது ரோட்டரை மறுபக்கம் தள்ளி வளைத்துத்தான் பிடிக்கும். கேபிள் உறை வேறு நசுங்கும். லீவர் கைப்பிடியைத் தொட்ட பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். வி-பிரேக்கில் இரண்டு கட்டையும் சமமாக வந்து ரிம்மையே பிடிக்கின்றன. சேற்றிலும் மழையிலும் அது தோற்கும், ரிம்மைத் தேய்க்கும், நீண்ட இறக்கத்தில் ரிம் காயும், அதெல்லாம் உண்மை. அதனால் டிஸ்க் வேண்டுமென்றால் காசைச் சேர்த்து, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக்காக வாங்குங்கள். நடுவில் இருப்பது ஷோரூம் பெருமைக்கு.

ஹைட்ராலிக்கில் நாலு பிஸ்டனா இரண்டா என்று அடித்துக்கொள்வதற்கு முன் ரோட்டரைப் பாருங்கள். விட்டம் 160 மி.மீ.-இலிருந்து 180-க்கு மாறினாலே நிறுத்தும் முறுக்கு விசை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரு தகடு, ஓர் அடாப்டர், செலவு அவ்வளவுதான். உங்கள் ஃபோர்க் எவ்வளவு பெரிய ரோட்டரைத் தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "ரெசின் பேட் ஒன்லி" என்று பொறித்த ரோட்டரில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் போய்விடும். ஷிமானோ பேடில் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே மாற்றச் சொல்கிறது, புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் ரோட்டர் 1.5-க்கு வந்தால் அதுவும் காயலான் கடைக்கு.

ஹைட்ராலிக் பிரேக்குக்குள் ஊற்றுவது மினரல் ஆயிலா டாட் ஆயிலா? டாட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4-க்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரத்துக்கு 155 வரைதான் உத்தரவாதம். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்குப் பிரச்சினையில்லை. நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? நான் மினரல் பக்கம். ஆனால் பக்கத்து ஆட்டோமொபைல் கடையில் டாட் கிடைக்கிறதே என்று மினரல் பிரேக்கில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே சீல் ஊதிப்போய்விடும்.

இன்னொன்று. ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பையன் அக்கறையாக செயினுக்கு ஸ்பிரே அடித்திருக்கிறான். அந்தத் தூறல் விசிறியாகப் போய்ப் பின் ரோட்டரில் விழுந்திருக்கிறது. மறுநாள் முதல் இறக்கத்தில் லீவர் கெட்டியாக நிற்கிறது, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊளையிடுகிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பேடைக் கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாமல் இருக்கவேண்டிய பரப்பு, ஒரு மூலையில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. உப்புத்தாளில் தேய்க்கலாம், அடுப்பில் காட்டலாம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரெசின் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் குடித்ததுதான். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, பேடைத் தூக்கிப்போட்டுப் புதிது போடுங்கள். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய் போதும், ஸ்பிரே கடைக்குள்ளேயே வேண்டாம்.

"இதெல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்குங்ணா" என்று ஒரு தம்பி சொன்னார். ரேஸ் ஓட்டுகிறவனுக்குத் திறமை இருக்கிறது, மோசமான டயரிலும் பிழைத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற நமக்குத்தான் டயரும் பிரேக்கும் கைகொடுக்க வேண்டும். அவர் அடுத்த மாதம் முப்பதாயிரம் போட்டு ஃபோர்க் மாற்றப் போகிறார். அதற்கு முன்னால் என்னிடம் சும்மா கிடக்கும் முன் டயரைப் போட்டு இரண்டு வாரம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வந்து வாங்கவில்லை. கோவையில் வேறு யாராவது போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் சொல்லுங்கள். 29-க்கு 2.4, டியூப்லெஸ். உங்கள் ஃபோர்க்கில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாருங்கள்.