எஃப்2 அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் மீன்பாடி வண்டி ஓட்டுபவரின் மகன், கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். ரிச்சி தெருவில் 11,000 ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தான். 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் திறப்பதற்குள் முனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "அண்ணா, லினக்ஸ் போட்டுத் தருகிறீர்களா?" என்று வந்து நின்றான்.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். என் பென் டிரைவில் இருந்தது தன்னார்வலர்கள் உருவாக்கிய, எடை குறைந்த லினக்ஸ். செருகி இயக்கினேன். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு வரி: கையொப்பம் செல்லாது. ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை எழவிடாத செக்யூர் பூட் என்ற காவல் மறிக்கிறது. சரி, அதை அணைத்துவிடலாம் என்று எஃப்2 அழுத்தினால், பயாஸ், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம், கடவுச்சொல் கேட்கிறது. முன்பு இதை வைத்திருந்த ஏதோ ஒரு நிறுவனம் போட்ட பூட்டு. கணினியைக் கழித்துக்கட்டியவர்களுக்கு அதை எடுத்துவிடத் தோன்றவில்லை. அவர்கள் ஒட்டிய எண் ஸ்டிக்கர்கூட அடியில் அப்படியே இருக்கிறது.

செக்யூர் பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. இயங்குதளம் எழும் முன்பே உள்ளே புகுந்துகொள்ளும் தீய நிரல்கள் உண்டு. முதலில் ஓடும் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது நல்ல காவல்தான். (2023இல் பிளாக்லோட்டஸ் என்ற தீய நிரல் அந்தக் காவலையே ஏமாற்றியது, அது தனிக்கதை.) யாருடைய கையொப்பம் என்பதில்தான் எனக்குச் சண்டை. கடையில் விற்கும் விண்டோஸ் கணினிகளில் கையொப்பத்தைச் சரிபார்க்க இருப்பவை மைக்ரோசாஃப்ட்டின் சாவிகள். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளும் ஷிம் என்ற சிறு நிரலுக்கு அந்த நிறுவனத்திடமே கையொப்பம் வாங்கித்தான் உள்ளே வருகின்றன. எதிர்க்கடைக்காரரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு கடை திறப்பதைப் போல!

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, இன்டெல் வகைக் கணினிகளில் இதை அணைக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டின் சான்றிதழ் விதி சொன்னது. கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சில்லு கொண்ட கணினிகளுக்கு அந்தச் சலுகை அப்போதே கிடையாது. 2015இல் விண்டோஸ் 10 வந்ததும், இன்டெல் கணினிகளிலும் அது தயாரிப்பாளரின் விருப்பம் ஆகிவிட்டது. இன்றும் பெரும்பாலான கணினிகளில் அணைக்க முடிகிறது, சொந்தச் சாவியைக்கூடப் பதியலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பயாஸுக்குள் போக வேண்டுமே!

அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? எது வேண்டும் என்று கணினியே கேட்கும். என் தம்பி பாதி நாள் தவறுதலாகத்தான் லினக்ஸுக்குள் போவான், ஆனாலும் கேட்டது.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் பழைய சாமான் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு மறுவாழ்வு லினக்ஸில்தான். எனவே வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பயாஸைத் திறந்து பாருங்கள். சில கணினிகளில் எஃப்2, சிலவற்றில் எஃப்10 அல்லது டெலீட். கடவுச்சொல் கேட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கடைக்காரர் மாற்றித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமை பையனோடு நானும் போகிறேன், பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு.